ஆறாம் வாரத்துப் படம்

மருத்துவமனையில் அவரை எல்லோரும் மூச்சக்கா என்றே கூப்பிட்டார்கள். எக்ஸ்ரே அறையின் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஒரு நாளைக்கு அறுபது எழுபது பேரிடம் "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று சொல்வது அவர் வேலை. இருபத்தாறு வருடமாகச் சொல்லிச் சொல்லி அந்த வாக்கியம் அவர் வாயில் ஒற்றைச் சொல்லாக உருண்டு திரண்டிருந்தது. கை கால் எலும்புக்கும் அதையேதான் சொல்வார். நசுங்கிய விரலோடு வந்த லாரி ஓட்டுநர் ஒருவர், "விரலுக்கு எதுக்கும்மா மூச்சு?" என்று கேட்டிருக்கிறார். "மூச்சு விடுற ஆள் எல்லாரும் அசைவாங்க. நீங்க கொஞ்சம் கூடவே அசையிறீங்க" என்று பதில் சொன்னாராம். அந்தக் கதை மாடிக்கு மாடி ஏறி, பெயர் நிலைத்துவிட்டது.

அவர் தொழிலுக்கு வந்த காலத்தில் படங்கள் ஃபிலிமில் இருந்தன. எடுத்ததை இருட்டறைக்குக் கொண்டுபோய், மருந்துத் தொட்டியில் முக்கி, ஈரம் சொட்ட வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகே தேறியதா இல்லையா என்று தெரியும். தேறாவிட்டால் நோயாளியை மறுபடி படுக்கவைக்க வேண்டும். அவர் உடம்பில் இன்னொரு முறை கதிர் பாயும். மூச்சக்காவுக்கு அது பிடிக்காது. ஒரே முறையில் சரியாக எடுத்துவிட வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். நல்ல காரணத்துக்காகத் தொடங்கிய பிடிவாதம். காரணம் எப்போது கழன்று விழுந்தது, பிடிவாதம் எப்போது தனியாக நடமாட ஆரம்பித்தது என்பதை அவர் கவனிக்கவில்லை. இப்படிப்பட்டவற்றை யாரும் கவனிப்பதில்லை.

ஃபிலிம் போய்க் கணினி வந்தது. இப்போது நான்கு விநாடியில் படம் திரைக்கு வந்துவிடும். சரியில்லையென்றால் ஒரு பொத்தானை அழுத்த வேண்டியதுதான். படம் 'ரிஜெக்ட்' என்ற தனிப் பகுதிக்குப் போய்விடும். காரணம் என்ன என்று ஒரு பட்டியல் கேட்கும். அசைவு, நிலை சரியில்லை, துணி மறைப்பு என்று ஏழெட்டு இருக்கும். ஒன்றைத் தொட்டால் முடிந்தது. அந்தப் பகுதியில் ஒரு படம் தொண்ணூறு நாள் இருக்கும். பிறகு தானாக அழிந்துவிடும். மூச்சக்கா அபூர்வமாகத்தான் ரிஜெக்ட் செய்வார். அதனால் அவர் தள்ளிய படம் என்றால் அது தள்ள வேண்டிய படம்தான் என்று மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நாளடைவில் அவரும் அப்படியே எடுத்துக்கொண்டார்.

அவருடைய படங்களில் மங்கல் இருக்காது, கறை இருக்காது, எலும்பின் ஓரம் கத்தியால் கீறியதுபோல் இருக்கும். பயிற்சிக்கு வரும் மருத்துவர்களுக்குக் காட்டவென்று அவர் எடுத்த முழங்கால் படம் ஒன்றைச் சட்டம் போட்டுத் தாழ்வாரத்தில் மாட்டியிருந்தார்கள். அவருடைய கணவர் கண்ணாடிக் கடையில் வில்லைகளைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறவர். ஒருநாள் சாப்பாட்டுப் பாத்திரம் கொடுக்க வந்தவர் அந்தப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, "கல்யாண ஃபோட்டோவுக்குக்கூட நீ இப்படி ஒரு சட்டம் போடலையே" என்றார்.

இவ்வளவும் சொன்னது அவரைப் பாராட்டுவதற்காக அல்ல. அந்த ஆறாம் வாரத்துப் படத்துக்கு வர இவை தேவைப்படுகின்றன.

மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவில் எலும்பு மருத்துவர் ஒருவர் புதிய திருகாணி ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஊழியர்கள் அவரைப் பெரிய டாக்டர் என்பார்கள். ஆறடிக்கு மேல் உயரம், அதனால். உடைந்த கணுக்காலை இணைக்க வழக்கமாக எஃகுத் திருகாணி போடுவார்கள். அது உடம்பிலேயே கிடக்கும், உறுத்தினால் இன்னொரு முறை அறுத்து எடுக்க வேண்டும். இந்தப் புதிய திருகாணி மெக்னீசியக் கலவை. எலும்பு கூடும்வரை பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு வருடத்தில் உடம்புக்குள்ளேயே கரைந்துபோகும். கரையும்போது கொஞ்சம் வாயு வெளிவரும். எக்ஸ்ரேயில் அது திருகாணியைச் சுற்றிக் கறுப்பாகத் தெரியும். வருவது தப்பில்லை, எந்த வாரத்தில் எவ்வளவு வருகிறது என்பதுதான் எங்கள் கேள்வி என்று பெரிய டாக்டர் மூச்சக்காவை உட்காரவைத்து விளக்கினார். முதல் சுற்றில் பத்தொன்பது பேர். அது சரியாக முடிந்தால் அடுத்ததில் நாற்பது பேர். இரண்டாம், ஆறாம், பன்னிரண்டாம், இருபத்துநாலாம் வாரங்களில் படம். ஒவ்வொரு நோயாளியின் காலுக்கும் தனித்தனியாக நுரைப்பஞ்சில் அச்சு வெட்டிவைத்திருந்தார்கள். எப்போதும் அதே கோணத்தில் எடுத்தால்தான் ஒரு வாரத்துப் படத்தை இன்னொரு வாரத்துப் படத்தோடு ஒப்பிட முடியும். படங்கள் வேறொரு ஊருக்குப் போகும்; அங்கே நோயாளி யாரென்று தெரியாத இரண்டு பேர் அளந்து எழுதுவார்கள். எல்லாப் படங்களையும் மூச்சக்காவே எடுக்க வேண்டும் என்று பெரிய டாக்டர் கேட்டு வாங்கினார். அது மூச்சக்காவுக்குப் பெருமையாக இருந்தது. மறைக்கவில்லை.

பதினொன்றாவதாக வந்தவர் ஒரு தையல்காரப் பெண். வயது முப்பத்தைந்து இருக்கும். பேருந்துப் படியில் கால் இடறி உள்கணுக்கால் உடைந்து வந்தவர். வீட்டில் மிஷின் போட்டுப் பள்ளிச் சீருடைகள் தைத்தார். ஒவ்வொரு முறையும் மாமியார் கூட வருவார். தையல்காரப் பெண் வாய் ஓயாதவர். இரண்டாம் வாரம் வந்தபோதே, மூச்சக்கா போட்டிருந்த ஈய அங்கியின் தோள் தையல் பிரிந்திருப்பதைப் பார்த்து, "இதை யார் தைச்சாங்க? நூலை இழுத்துக் கட்டாம விட்டிருக்காங்க" என்று குறைசொல்லியிருந்தார்.

ஆறாம் வாரம் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார். அன்று கூட்டம் இல்லை, இயந்திரத்தில் கோளாறு இல்லை, மூச்சக்காவுக்குத் தலைவலிகூட இல்லை. அவசரம் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லாத காலை அது. பின்னாளில் அவர் தேடிப் பார்த்தும் ஒரு சாக்கு கிடைக்கவில்லை.

காலை அச்சில் வைக்கும்போது தையல்காரப் பெண் சொன்னார்: "அக்கா, தொட்டா உள்ளே நறநறன்னுது. மணல் மேல கை வெச்ச மாதிரி."

"வலிக்குதா?"

"வலி பெருசா இல்ல. சத்தம்தான்."

"டாக்டர்கிட்ட சொல்லுங்கம்மா" என்றுவிட்டு மூச்சக்கா தடுப்புக்குப் பின்னால் போனார்.

படம் திரையில் வந்தது. எலும்பு வெள்ளையாக, திருகாணி அதற்குள் சற்றே மங்கிய வெள்ளையாக. ஆனால் கணுக்காலின் உள்பக்கச் சதையில், புகை பிரிந்து போவதுபோல நாலைந்து கறுப்புக் கீற்றுகள். திருகாணியை ஒட்டி வட்டமாக வாயு தெரியும் என்றுதான் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். இது அப்படி இல்லை. தோலுக்கும் பஞ்சுக்கும் நடுவில் காற்று சிக்கினாலும், கட்டுத் துணி சுருங்கினாலும் இதே மாதிரி கீற்று விழும். அதை அவர் நூறு முறை பார்த்திருக்கிறார். அச்சு சரியாக ஒட்டவில்லை என்று முடிவுசெய்தார்.

அதுவரை தவறில்லை. அச்சை எடுத்துத் துடைத்து, மறுபடி அதே இடத்தில் வைத்து எடுத்திருக்கலாம். அவர் அச்சையே எடுத்துவிட்டார். மணல்மூட்டையால் காலை அண்டைகொடுத்து, பாதத்தை இன்னும் கொஞ்சம் உள்பக்கமாகத் திருப்பி எடுத்தார். கீற்று இரண்டு குறைந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினார். இப்போது கறுப்பெல்லாம் எலும்பின் பின்னால் போய்விட்டது. படம் தாழ்வாரத்தில் மாட்டியிருந்த முழங்கால் படத்தைப்போல் இருந்தது. முதல் இரண்டையும் ரிஜெக்ட் செய்தார். காரணம்: நிலை சரியில்லை. கூட வைக்க வேண்டிய தாளில் 'அச்சு வைத்து எடுக்கப்பட்டதா' என்ற கேள்விக்கு எதிரே வழக்கம்போல 'ஆம்' என்று குறி போட்டார்.

அந்தக் குறி போடும்போது கை நின்றதா? நின்றது என்று அவர் பிறகு நினைத்தார். நிற்கவில்லை, நின்றதாகப் பிறகு கற்பனை செய்துகொள்கிறோம் என்றும் நினைத்தார். மனம் பின்னோக்கிப் பார்க்கும்போது அங்கே இல்லாத விளக்குகளையும் கொண்டுபோய் வைத்துவிடுகிறது. எது உண்மையான வெளிச்சம் என்று பிரிக்க வழியில்லை.

தையல்காரப் பெண் பெரிய டாக்டரிடம் சத்தத்தைப் பற்றிச் சொன்னாரா என்றால், சொன்னார். டாக்டர் தொட்டும் பார்த்தார். அன்றைக்கு வீக்கத்தின் மேல் அழுத்திக் கட்டியிருந்ததால் விரலுக்கு ஒன்றும் தட்டவில்லை. படத்தைத் திறந்து பார்த்தார். சுத்தமாக இருந்தது. கவலைப்பட ஒன்றுமில்லை, பிடித்துக்கொண்டு மெல்ல நடக்கலாம், மிஷின் மட்டும் மிதிக்கக் கூடாது என்று அனுப்பிவைத்தார்.

பன்னிரண்டாம் வாரம் தையல்காரப் பெண் கோல் ஊன்றி வந்தார். கணுக்கால் வீங்கியிருந்தது. இந்த முறை மூச்சக்கா அச்சில் வைத்துத்தான் எடுத்தார். படத்தைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்தார். திருகாணி நடுவில் இற்று இரண்டாகியிருந்தது. எலும்புத் துண்டு ஒரு அரிசியின் நீளத்துக்கு நகர்ந்திருந்தது.

பெரிய டாக்டர் இறங்கி வந்தார். இரண்டு படங்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, ஆறாவது வாரம் இவ்வளவு நன்றாக இருந்ததே, நடுவில் என்ன ஆயிற்று என்று நோயாளியைக் கேட்டார். தையல்காரப் பெண் தலையைக் குனிந்துகொண்டார். மாமியார்தான் பேசினார்.

"மிதிக்காதேன்னு நீங்க சொன்னீங்க, நான் சொன்னேன், என் பையன் சொன்னான். காதுல வாங்கினாத்தானே? ஊரான் பிள்ளைங்களுக்குப் பாவாடை தைக்கிறேன்னு சொந்தக் காலை ஒடிச்சுக்கிட்டு வந்து நிக்கிறா."

"ஒரே ஒரு நாள்தான் டாக்டர். இருபது நிமிஷம் இருக்கும்."

"இருபது நிமிஷத்தை நீ எந்தக் கடிகாரத்துல பார்த்தே?"

டாக்டர் கோபப்படவில்லை. தாளில் ஏதோ எழுதினார். திரும்ப அறுவை செய்ய வேண்டியிருக்கும், இந்த முறை எஃகுத் தகடுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். மாமியார் வெளியே சக்கர நாற்காலி கேட்கப் போனார். மேசையிலிருந்து இறங்கக் கை கொடுத்தபோது தையல்காரப் பெண் மூச்சக்காவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"அக்கா, நீங்க எத்தனை காலைப் பார்த்திருப்பீங்க. ஒரு நாள் மிதிச்சதுக்கு இப்படி ஆகுமா?"

ஆறாம் வாரத்துக் கீற்றுகள் அப்போது மூச்சக்காவின் கண்ணுக்குள்ளேயே இருந்தன. அவை காற்றும் இல்லை, துணிச் சுருக்கமும் இல்லை என்று இற்றுப்போன திருகாணியைப் பார்த்த கணமே தெரிந்துவிட்டது. எதிர்பார்த்ததைவிட வேகமாகக் கரைந்து, வாயு சதைக்குள் ஊர்ந்திருக்கிறது. நறநறவென்ற சத்தம் அதுதான்.

"டாக்டர்தான்மா சொல்லணும்" என்றார்.

முதல் தவறை அவர் தெரியாமல் செய்தார் என்று வாதாடலாம். இதற்கு வாதம் இல்லை.

இரண்டரை வாரம் கழித்து ஆராய்ச்சிக் குழு கூடியது. படங்கள் பற்றி ஏதாவது கேட்டால் சொல்ல மூச்சக்காவும் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். தாள்களையெல்லாம் பார்த்துக்கொள்கிற ஊழியர் ஒருவர் இருந்தார்; விரலில் எப்போதும் ரப்பர் உறை மாட்டியிருப்பார், கோப்புக்காரர் என்பார்கள். அவர் வரிசையாக வாசித்தார். பதினொன்றாம் நோயாளி: ஆறாம் வாரப் படம் இயல்பு, வாயு மிகக் குறைவு, நோயாளி அறிவுரையை மீறிக் காலுக்குப் பாரம் கொடுத்தார், திருகாணியின் தோல்வியாகக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. அடுத்த நாற்பது பேருக்குத் தேதி குறிக்கலாம் என்று பேச்சு நகர்ந்தது. மூச்சக்காவிடம் ஒரே ஒரு கேள்வி வந்தது: படங்கள் எல்லாம் அச்சு வைத்து எடுத்தவைதானே? தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலோடு தவறு மூன்றாயிற்று.

அன்று மாலை வேலை முடிந்ததும் கணினியில் ரிஜெக்ட் பகுதியைத் திறந்தார். இரண்டு படங்களும் இருந்தன. ஓரத்தில் 'மீதி முப்பது நாள்' என்று காட்டியது. மூடிவிட்டார். மறுநாளும் திறந்து பார்த்தார். இருபத்தொன்பது. பிறகு தினமும் பார்ப்பது வழக்கமாயிற்று. எண் குறைவதைப் பார்க்கையில் நெஞ்சில் ஒரு பாரம் ஏறியது, கூடவே ஏதோ ஒன்று லேசாவதும் தெரிந்தது. அந்த லேசாவதுதான் அவரைப் பயமுறுத்தியது. இன்னும் கொஞ்ச நாள் சும்மா இருந்தால் போதும், எதுவும் செய்யவே வேண்டாம், கணினி தானே செய்துவிடும். அழித்தது நான் இல்லை என்று ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொள்ளலாம்.

பதினொரு நாள் மீதி இருந்தபோது, காலையில் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவரிடம், "ஒரு படத்தைத் தள்ளிட்டேங்க" என்றார்.

"தள்ளாம இருந்தாத்தான் அதிசயம். என்னையே எத்தனை தடவை தள்ளியிருக்கே."

அவர் சிரிக்காததைப் பார்த்துக் கணவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். மூச்சக்கா எல்லாவற்றையும் சொன்னார். புரியாத இடத்தில் கணவர் நிறுத்தி நிறுத்திக் கேட்டுக்கொண்டார். கடைசியில், "இது வேற யாருக்காவது தெரியுமா?" என்றார்.

"தெரியாது."

"அப்ப விடு."

எழுந்து போனார். வாசல்வரை போனவர் நின்று, "அந்தப் பொண்ணுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார். வருகிற மாதம் மறுபடி அறுவை, அதுவரை படுக்கைதான், வீட்டில் பேச்சு வாங்கிக்கொண்டிருப்பாள் என்று மூச்சக்கா சொன்னார். அவர் சற்று நேரம் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"நான் விடுன்னு சொன்னது உனக்காகச் சொன்னது. அவளுக்காக யோசிச்சுச் சொல்லல. அதை ஒரு யோசனையா எடுத்துக்காதே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏழு நாள் மீதி இருந்தபோது மூச்சக்கா கோப்புக்காரரிடம் போனார். ரிஜெக்ட் செய்த படத்தைத் திரும்ப எடுக்க வேண்டும் என்றார். கோப்புக்காரர் விரலுறையைக் கழற்றிவைத்துவிட்டு அவரைப் பார்த்தார்.

"தூக்கிப் போட்டதைத் திரும்ப வேணும்னு இதுவரைக்கும் யாரும் வந்ததில்லக்கா. அதுக்கு ஃபாரமே கிடையாது."

"வெள்ளைத் தாள்ல எழுதித் தரேன்."

எழுதினார். அச்சை எடுத்தது, பாதத்தைத் திருப்பியது, 'ஆம்' என்று குறி போட்டது, கூட்டத்தில் தலையாட்டியது. காரணம் என்று எழுதிவிட்டு வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். படம் அழுக்காகத் தெரிந்தது என்று எழுதினார். அடித்துவிட்டு வேறு எழுத நினைத்தார். அதைவிடச் சரியான காரணம் கிடைக்கவில்லை. அப்படியே விட்டார்.

பெரிய டாக்டர் தாளை இரண்டு முறை படித்தார். படத்தைத் திறந்து பெரிதாக்கினார். கறுப்புக் கீற்றுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்து, அதற்காகவே உடம்பை இறுக்கி வைத்துக்கொண்டு நின்றார் மூச்சக்கா.

"இதை அன்னைக்கே பார்த்திருந்தா என்ன செஞ்சிருப்பீங்க டாக்டர்?"

"ஒரு மாசத்துக்குக் காலைத் தரையில வைக்க விட்டிருக்க மாட்டேன். வாரா வாரம் வரச் சொல்லியிருப்பேன்."

"அப்ப எலும்பு நகர்ந்திருக்காது."

"நகராம இருந்திருக்கலாம். அப்படியும் நகர்ந்திருக்கலாம். அவங்க மிதிச்சதும் நடந்ததுதானே. எது எவ்வளவுன்னு இனிமே யாராலயும் பிரிக்க முடியாது."

"எனக்கு ஒரு பதில் தெரிஞ்சா நல்லது டாக்டர்."

"எனக்கும்தான்" என்றார் அவர். தாளைப் பார்த்தபடியே, "நறநறன்னுதுன்னு அந்தம்மா என்கிட்டயும் சொன்னாங்க. நான் படத்தை நம்பினேன்" என்றார்.

அவர் அதற்கு மேல் தன்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நாற்பது பேர் சுற்றை நிறுத்திவைப்பதாகவும், எல்லோருடைய ஆறாம் வாரப் படங்களையும் மறுபடி பார்க்கச் சொல்வதாகவும், இனி இந்த ஆராய்ச்சிக்கு மூச்சக்கா படம் எடுக்க வேண்டாம் என்றும் சொன்னார். 'நோயாளி அறிவுரையை மீறினார்' என்ற வரி நீங்கும். நோயாளிக்கு முறைப்படி கடிதம் போகும். மூன்று வாரம் ஆகலாம்.

அறையை விட்டு வெளியே வந்தபோது மூச்சக்காவுக்கு ஏமாற்றமாக இருந்தது. முழுப் பழியும் தன்னுடையது என்று யாராவது சொல்லியிருந்தால் அதைத் தூக்கிக்கொண்டு நடந்திருப்பார். கிடைத்ததோ அளவு தெரியாத ஒரு பங்கு. தன் தவறும்கூட ஓரம் மங்காத படமாக இருக்க வேண்டும் என்று அவர் எதிர்பார்த்தார் போலும். இதைப் பணிவு என்று சொல்ல முடியாது.

மூன்று வாரம் காத்திருக்க அவரால் முடியவில்லை. மறுநாள் மூன்றரை மணிக்கு அனுமதி கேட்டுக்கொண்டு, தாளில் இருந்த முகவரியைப் பார்த்துப் போனார். இரண்டாவது மாடி, இடப்பக்கக் கதவு. திறந்தது மாமியார்.

"வாம்மா. ஆஸ்பத்திரியில இருந்தா? மறுபடி என்ன?"

சின்ன அறை. ஜன்னல் பக்கம் தையல் மிஷின் மேல் பழைய போர்வையைப் போட்டு மூடியிருந்தார்கள். தையல்காரப் பெண் சுவரில் சாய்ந்து, காலைத் தலையணை மேல் தூக்கிவைத்துக்கொண்டு, வெள்ளைச் சட்டைகளுக்குக் கையால் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். மூச்சக்காவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை. உட்காரச் சொல்லியும் உட்காராமல், நின்றபடியே சொன்னார். முதல் படத்தில் கறுப்புக் கீற்று இருந்ததை, அதைத் தான் மறைத்ததை, அதனால் டாக்டருக்குத் தெரியாமல் போனதை. வழியில் யோசித்துவைத்த சொற்கள் ஒன்றும் வரவில்லை. கடைசியில், "அன்னைக்கு நீங்க என்கிட்ட கேட்டப்ப எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் டாக்டர் சொல்லணும்னு சொன்னேன்" என்றார்.

தையல்காரப் பெண் ஊசியைத் துணியில் குத்தி வைத்தார்.

"அப்ப நான் மிதிச்சதால இல்லையா?"

"அதுவும் ஒரு காரணமா இருக்கலாமாம். டாக்டரால பிரிச்சுச் சொல்ல முடியல. ஆனா அது மட்டும் இல்ல."

"நான் தினமும் அந்த இருபது நிமிஷத்தையே நினைச்சிட்டிருந்தேன்க்கா. ரெண்டு சட்டையோட கை மடிப்பு. நாளைக்குத் தைச்சிருக்கலாமேன்னு." குரல் உயரவில்லை. "நறநறன்னுதுன்னு உங்ககிட்டதானே முதல்ல சொன்னேன்."

"ஆமா."

மாமியார் கதவருகிலேயே நின்றிருந்தார். அவர் மருமகளைப் பார்க்கவில்லை. பிறகு உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து மூச்சக்காவின் முன்னால் வைத்தார். குடியுங்கள் என்று சொல்லவில்லை.

மன்னித்துவிடுங்கள் என்று கேட்க மூச்சக்கா வாயெடுத்தார். கேட்டால் அந்தப் பெண் ஏதாவது ஒரு பதில் சொல்லியாக வேண்டும். அந்த வேலையையும் அவள் தலையில் கட்டுவதாகிவிடும் என்று தோன்றியது. கேட்கவில்லை. வருகிறேன் என்று பையை எடுத்தார்.

"அக்கா, அதுக்குள்ள போகாதீங்க. அவர் அஞ்சரைக்கு வருவார்" என்றார் தையல்காரப் பெண். "இதை அவர்கிட்டயும் சொல்லிட்டுப் போங்க. நான் சொன்னா, தப்பிக்கறதுக்குக் கதை கட்டுறேன்னுவார். நீங்க இப்ப சொன்ன மாதிரியே சொல்லணும். கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்."

மணி நாலேகால். மூச்சக்கா உட்கார்ந்தார். தையல்காரப் பெண் ஊசியை எடுத்து அடுத்த பொத்தானைப் பிடித்தார். மாமியார் சுவர்ப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு சட்டைகளை மடித்தார். ஒருமுறை, தலையணை சரிந்து கால் கீழே நழுவியது. மூச்சக்காவின் கை தானாக நீண்டது. அதற்குள் மாமியார் குனிந்து சரிசெய்துவிட்டார். ஒருமுறை சொன்னால் இறங்கிவிடும் என்று மூச்சக்கா நினைத்திருந்த பாரம் அப்படியே இருந்தது. இனி இதே சொற்களை இன்னொரு முகத்துக்கு முன்னால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். அதில் எதை விட்டுவிட மனம் பார்க்கும் என்று அவருக்கு இப்போதே தெரிந்தது: கூட்டத்தில் தலையாட்டியதை இங்கே அவர் சொல்லவில்லை.

ஐந்து நாற்பதுக்குப் படிக்கட்டில் காலடி கேட்டது. சட்டையில் எண்ணெய்க் கறையோடு ஒரு மனிதர் உள்ளே வந்து, புதிய ஆளைப் பார்த்துத் தயங்கி நின்றார்.

"எக்ஸ்ரே எடுக்கிற அக்கா" என்றார் தையல்காரப் பெண். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."

மூச்சக்கா எழுந்து நின்றார்.

"இவங்களும் இன்னும் கேக்காத ஒண்ணு அதுல இருக்கு" என்று ஆரம்பித்தார். "அதையும் சேர்த்துச் சொல்றேன்."